மனைவி என்ற கட்டம்

அந்த அம்மா முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்தன. விசேஷ வீட்டிலிருந்து வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்ததும் வாடை சொல்லிவிட்டது. மாம்பழம். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் ஓடுகிற மாதங்களில் கூலிக்குப் போகும் பெண்கள் பாதிப் பேருக்கு அந்தக் கைதான். பழத்தைத் தோல் சீவிச் சீவி நகக்கண் வரை நிறம் ஏறிவிடும். மாம்பால் பட்டு விரல் நுனியில் தோல் உரிந்துபோகும்.

எனக்குத் தொழில் தட்டச்சு. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு பழைய மெஷின்கள். ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் மனுக்களைத் தட்டித் தட்டித்தான் இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்டேன். மனு எழுத வருகிறவர்கள் மனுவுக்கு வேண்டியதைத் தடுமாறித்தான் சொல்வார்கள். வேண்டாததை அவ்வளவு அழகாகச் சொல்வார்கள். அந்த வேண்டாததையெல்லாம் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். இந்த அம்மாவின் பேச்சு மட்டும் ஏழெட்டுத் தாள் இருக்கிறது.

"தம்பி, இந்தக் காயிதம் இன்னா சொல்லுதுன்னு படிச்சுச் சொல்லு. மூணு பேரு படிச்சாங்க. மூணு பேரும் மூணு கதை சொல்றாங்க."

அவருக்கு ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். புருஷன் செத்தபோது மகனுக்கு நாலு வயது. அந்த ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து, பனிமலை ஒன்றில் லாரி சரிந்ததில் போய்விட்டான். ஆறு மாதம் ஆகியிருந்தது. மாதாமாதம் வந்த மணியார்டர் நின்றுபோனது. தாய்க்குப் பென்சன் உண்டு என்று யாரோ சொல்ல, யாரையோ பிடித்து எழுதிப் போட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் அந்தக் காகிதம்.

படித்தேன். விஷயம் நாலு வரிதான். இறந்த வீரருக்கு மனைவி இருப்பதாக எங்கள் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. மனைவி இருக்கும்போது தாயின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது. மனைவியை விண்ணப்பிக்கச் சொல்லவும்.

"மருமவளா? எனக்கா?" என்று சிரித்தார். "கண்ணாலமே ஆவாத பையனுக்கு எங்கிருந்துப்பா வந்தா பொண்டாட்டி? வேற யாரு காயிதமாவது மாறி வந்துட்டுதா பாரு."

மனைவி என்ற கட்டத்தில் இருந்த பெயரையும் அப்பன் பெயரையும் வாசித்தேன். சிரிப்பு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அது எந்தம்பி பொண்ணு."

அவர்கள் ஜனத்தில் தம்பி பெண் அக்காள் மகனுக்கு என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிடும். கடைசியாக அவன் லீவில் வந்தபோது தட்டு வைத்து, வெற்றிலை மாற்றி, பரிசமும் போட்டுவிட்டார்கள். அடுத்த லீவில் கல்யாணம் என்று பேச்சு. பரிசம் போட்ட மறுநாளிலிருந்து ஊரில் அந்தப் பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பட்டாளத்தான் பொண்டாட்டி போறா பாரு" என்பார்கள். தாலி மட்டும் பாக்கி.

அடுத்த தடவை வரும்போது மகன் கடைசியாக எழுதிய இன்லாண்டு லெட்டரைக் கொண்டுவந்தார். விடை அதில் இருந்தது. குடும்பத்தோடு தங்க வீடு கேட்டால் முறை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அதனால் இப்போதே அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் முடிந்து அழைத்துவரும்போது வீடு தயாராக இருக்கும் என்று எழுதியிருந்தான். கல்யாணம் ஆகிவிட்டதா என்று பட்டாளத்து எழுத்தர் கேட்டிருப்பார். ஊரே சொல்வதை அவனும் சொல்லியிருப்பான்.

"பொய் சொல்லத் தெரியாதவன், அவசரத்துல ஒண்ணு சொல்லிட்டான்" என்றார் அந்த அம்மா.

பதில் மனுத் தட்டினேன். மை தடவிக் கட்டைவிரலை வைத்தால் ஒரு கறுப்புத் திட்டுத்தான் விழுந்தது. நாலு தரம் வைத்தும் அதே திட்டு.

"ரேகையெல்லாம் ஆலைக்காரனுக்குக் குடுத்தாச்சுப்பா. சீசன் முடிஞ்சா மொளைக்கும், அப்பறம் வரேன்" என்றார். நிஜமாகவே சீசன் முடிந்து வந்துதான் வைத்தார்.

அப்போது மாவட்டத் தலைநகர் தர்மபுரி. படைவீரர் குடும்ப விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகம் அங்கே. அந்த அம்மாவும் தம்பியும் நானும் போனோம். தம்பிக்குக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். எதையும் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

அங்கே இருந்த எழுத்தர் பழைய ராணுவக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. காகிதங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, பதிவானதை அடிக்கறது கஷ்டம். சுலபமா ஒரு வழி சொல்றேன். அந்தப் பொண்ணு விதவைன்னு ஒரு கையெழுத்துப் போடட்டும். பென்சன் வந்துடும். நாளைக்கு அதுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா, மறுமணம்னு எழுதிக் குடுங்க. அப்பறம் தாய்க்குக் கேக்கலாம். ரெண்டு கையெழுத்து, வேலை முடிஞ்சது."

தம்பி தலையை ஆட்டினார். "நல்லாத்தானே சொல்றாருக்கா. காயிதத்துலதானே. ஊருல யாருக்குத் தெரியப்போவுது?"

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பித் தெலுங்கில் "நோரு மூஸ்கோ" என்றார். வாயை மூடு என்றால் எந்தப் பாஷையிலும் புரியும். வீட்டில் அவர்களுக்குத் தெலுங்குதான். கோபம் வந்தால் வெளியிலும் அதுவே வரும். பிறகு எழுத்தருக்குக் கேட்கட்டும் என்று தமிழுக்கு வந்தார்.

"துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு மாட்டை வித்துக்கினு இருந்த புத்திடா உனுக்கு. இது மாடு இல்ல, நீ பெத்த பொண்ணு. காயிதத்துல அறுத்தா அது அறுத்தது இல்லையா? இருவத்திரெண்டு வயசுல எனுக்கு அறுத்தாங்க. அன்னிலேர்ந்து கண்ணால வூட்டுக்கு எந்தப் பக்கமா நொழையறதுன்னு யோசிச்சு யோசிச்சே பாதி ஆயுசு போச்சு. கட்டாத தாலிக்கு அவ எதுக்குடா அறுக்கணும்?"

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா தாலுகாவுல விசாரிச்சு, கல்யாணம் ஆகலைன்னு அறிக்கை வாங்கிட்டு வாங்க. நான் அனுப்பி வைக்கறேன்."

நடந்த கல்யாணத்துக்குச் சாட்சி கொடுக்கலாம். பத்திரிகை இருக்கும், போட்டோ இருக்கும், மொய் எழுதிய நோட்டு இருக்கும். நடக்காத கல்யாணத்துக்கு என்ன சாட்சி? எத்தனையோ மனுத் தட்டியிருக்கிறேன். இப்படி ஒன்றுக்கு வாசகமே எனக்கு வரவில்லை. ஏதோ தட்டிக் கொடுத்தேன்.

வருவாய் ஆய்வாளர் ஒரு நாள் ஊருக்குப் போய் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். கடையில் இருந்த பெரியவர்களுக்கு ஒரே உற்சாகம். பாவம், பட்டாளத்தான் வீட்டுக்குப் பென்சன் விசாரிக்க வந்திருக்கிறார், நல்லபடியாகச் சொல்லி அனுப்புவோம் என்று, "ஆமாங்க சார், அவன் பொண்டாட்டிதாங்க அது. நாங்கதாங்க சபையில ஒக்காந்து பரிசம் போட்டோம்" என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள். அவரும் கேட்டதை எழுதினார். 'சமூக வழக்கப்படி திருமணமானவர் என ஊரார் கூறுகின்றனர்.' மனு திரும்பி வந்தது.

அன்று அந்த அம்மா டீக்கடை முன்னால் நின்று பேசியதைத் தம்பிதான் வந்து சொன்னார். "உங்களுக்கெல்லாம் சாமி எதுக்கு வாயக் குடுத்தான்? டீ குடிக்கிறதோட நிறுத்திக்கக் கூடாதா? நீங்க சும்மா இருந்திருந்தாலே எனுக்குப் பென்சன் வந்திருக்கும்" என்று ஆரம்பித்து, டீ போடுகிறவர் வரை ஒருவரையும் விடவில்லையாம். கடைசியில் ஒரு பெரியவர், "நல்லதுக்குத்தானேம்மா சொன்னோம்" என்றதற்கு, "உங்க நல்லதை உங்க வூட்டுல வெச்சுக்குங்க மாமா, இங்க எடம் இல்ல" என்றாராம்.

இதற்குள் ஒரு வருஷம் ஓடியிருந்தது. வீட்டின் பின்சுவர் மழையில் இறங்கிவிட்டது. சீசன் இல்லாத மாதங்களில் களையெடுப்பு, அதுவும் இல்லாத நாளில் களியும் மிளகாயும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்ணே வந்தாள். நான் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பத்தாவது முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் சின்னச் சின்ன பாகங்களை ஒன்று சேர்க்கிற வேலை. மூன்று பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து யூனிஃபாரத்தோடு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அண்ணா, அந்த விதவைக் கையெழுத்துக்கு ஒரு பேப்பர் அடிச்சுக் குடுங்க. நான் போட்டுடறேன்."

"உங்க அத்தைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுமா? அத்தை ரெண்டு வேளை சாப்புடறதுக்கு என் பேருதான் குறுக்க நிக்குதுன்னா, விதவைன்னே இருந்துட்டுப் போவட்டும்ணா. மாமா பேரு பக்கத்துல ஒரு நாளாவது என் பேரு எழுதியிருந்துச்சே, அது போதும்."

அவள் அழவில்லை. கம்பெனிக்கு லீவு லெட்டர் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் தட்டினேன். கேட்டதைத் தட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். ஆனால் அனுப்புவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கையெழுத்தான தாளை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அவள் நம்பிப் போனாள். அவளிடம் சொல்லாமல் இதைச் செய்தது சரியா என்று இப்போதும் தெரியாது.

அடுத்த வாரம் வந்த அத்தையிடம் தாளைக் கொடுத்தேன். முழுக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கார்பன் வெச்சு அடிச்சியா?"

"ஆமாம்மா."

"அதையும் குடு." இரண்டையும் மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்தார். "அடுப்புப் பத்தவைக்க ஆவும். மொதல்ல இவளுக்கு ஒரு கண்ணாலத்தைப் பண்ணணும். இல்லாட்டி இவ இன்னொரு டைப்புக்காரனைத் தேடிக்கினு போவா."

மாப்பிள்ளையைத் தேடியவர் அவர்தான். ஓசூரில் அவள் அறைக்கு எதிர் அறையில் தெக்கத்திப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். லேத் வேலை. இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்று அறைத் தோழிகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அந்தப் பையனின் தாய் ஊரிலிருந்து வந்தபோது நேராகவே சம்பந்தம் பேசியிருக்கிறார். பையனின் தாய்க்கு ஒரு சந்தேகம் இருந்ததாம்.

"ஏங்க, பொண்ணு பேருல பட்டாளத்துல என்னமோ எழுதியிருக்காமுல்ல?"

"எழுதியிருக்குது. எம் பையன்தான் எழுதினான். அதை அடிக்கத்தான் ஒன்றரை வருசமா அலையறேன். பொண்ணு மேல கறை இருந்தா நானே வந்து கேப்பனா? பெத்த பையனுக்குப் பார்த்த பொண்ணுங்க இது."

பையனின் தாய் அன்றைக்கே நாள் குறிக்கச் சொல்லிவிட்டாராம்.

மறுவிசாரணை கேட்டு நான் தட்டிக் கொடுத்த மனு தாலுகாவில் கிடக்கும்போதே பத்திரிகை அச்சானது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தம்பி கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து முன்னால் விட்டு, தான் நாலு அடி பின்னால் நின்று, தாலுகா அலுவலகத்தில் அந்த ஆய்வாளருக்கே பத்திரிகை வைத்தார். தாலி அறுத்த கை வெற்றிலைத் தட்டைத் தொடக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. பேச்சு மட்டும் பின்னாலிருந்து வந்தது.

"விசாரணையில இருக்கற வீட்டுல நான் சாப்பிடக் கூடாதும்மா" என்றார் ஆய்வாளர்.

"சாப்புடாதீங்க சார். நின்னு பாருங்க, போதும். போன தடவ காதால கேட்டு எழுதினீங்க. இந்தத் தடவ கண்ணால பார்த்து எழுதுங்க."

ஆய்வாளர் அந்தப் பக்கத்துக்காரர்தான். வழக்கம் தெரிந்தவர். அந்த ஜனத்தில் புருஷனை இழந்தவளுக்கு மறுபடி தாலி கட்டுவது உண்டு. ஆனால் அதற்குப் பந்தல்கால் நடுவதில்லை, மேளம் வைப்பதில்லை. பொழுது சாய்ந்தபிறகு கோயிலில் நாலு பேரை வைத்து முடித்துவிடுவார்கள். பந்தல்காலும் மேளமும் கன்னிப் பெண்ணுக்கு மட்டும். காலை முகூர்த்தத்துக்கு அவர் வந்தார். நானும் போயிருந்தேன். வாசலில் பந்தல்கால், அதில் மஞ்சள் துணி. அதைத் தொட்டுப் பார்த்தார். மேளத்தைப் பார்த்தார். டீக்கடைப் பெரியவர்கள் முன்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தம்மா எங்கே?" என்று என்னிடம் கேட்டார்.

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டும்போது அவர் அண்டாவிலிருந்து கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆய்வாளர் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அறிக்கையின் நகலை நான் பிறகு பார்த்தேன். மணமகள் இதற்கு முன் திருமணம் ஆகாதவர் என்பதைச் சமூக வழக்கத்தின்படி நேரில் கண்டறிந்தேன் என்று எழுதியிருந்தார். பரிசத்தையும் தாலியையும் பிரித்து ஒரு பத்தி விளக்கமும் சேர்த்திருந்தார்.

அதற்குப் பிறகும் ஏழெட்டு மாதம் ஆனது. உத்தரவு வந்த அன்று அவருடைய கை மறுபடியும் மஞ்சளாக இருந்தது. உறையை அப்படியே என்னிடம் நீட்டினார்.

"வந்துடுச்சும்மா. உங்க பேருலயே வந்துடுச்சு. மாசம் எவ்வளவுன்னா..."

"அது கெடக்கட்டும். அந்தக் கட்டத்துல இன்னா போட்டிருக்குது, அதைப் படி."

விரலை வைத்துத் தேடினேன். மனைவி என்று இருந்த இடத்துக்கு எதிரே ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்.

"யாரும் இல்லைன்னு போட்டிருக்குதும்மா."

"யாரும் இல்லைன்னா போட்டிருக்குது?"

"ஆமாம்மா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். அந்த வரி எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"சரிதான்" என்றார். பிறகு, இரண்டரை மணி பஸ் போய்விட்டதா என்று கேட்டார்.