ஐந்தருவியில் காதில் விழுந்தது

பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு குறைந்தால் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, அவர் வரும்வரை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நிற்பது நாளாக ஆக எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. நாமே டாக்டருக்குப் படித்தால் என்ன என்று தோன்றியது. நர்சிங் பட்டம் இருப்பதற்காகத் தனி வழி எதுவும் கிடையாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து நீட் எழுதி, முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போது என் மகளுக்கு ஒரு வயது.

தயங்கித் தயங்கித்தான் வீட்டில் சொன்னேன். "எழுது. எழுதிப் பாக்கதுல என்ன போச்சு?" என்றார் கணவர். "நீ படி தாயி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மாமியார். செங்கோட்டையில் காய்கறி மண்டி வேலை முடிந்து வந்ததும் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். நான் கீழே இயற்பியலோடு மல்லுக்கட்டுவேன். முதல் தடவை தேறவில்லை. அழுதபோது தேற்றியவரும் அவர்தான். இரண்டாம் தடவை அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய ஊர்; விடுதியில் தங்க வேண்டும். புதன்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

ராயகிரியிலிருந்து நாத்தனாரும் அவள் கணவரும் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். சீசன் முடியப்போகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம்.

அருவியில் நின்றுவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் காது அடைத்திருக்கும். எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று நமக்கே தெரியாது. பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, மகளுக்குத் துண்டைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தேன். பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் அவரும் நாத்தனார் கணவரும் எனக்கு முதுகைக் காட்டியபடி தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மச்சான், டாக்டரம்மா புருசனாயிட்டீரு. இனி எங்ககிட்ட டோக்கன் போட்டுத்தான் பேசுவீரோ?" என்றார் நாத்தனார் கணவர்.

"சும்மா கெடயும் மாப்ள. கெடைக்காதுன்னுதான் எழுத விட்டேன். வேண்டாம்னா காலம் பூரா சொல்லிக் காட்டுவா. ரெண்டு தடவ எழுதுனா அவளே ஓஞ்சிருவான்னு பாத்தா, கெடைச்சுத் தொலைச்சிட்டு."

"அப்பம் அனுப்புதீரா?"

"எங்க போவா? பிள்ளைக்கு மேலு சுடுதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், பெட்டிய அவளே பிரிச்சிருவா. நாம தடுத்ததா இருக்காது. எங்கம்மை சொன்ன ரோசனைதான்."

நான் நாலடி பின்னால் போய், மகளிடம் சத்தமாக ஏதோ பேசிக்கொண்டு மறுபடி வந்தேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைக்குத் தலைய நல்லாத் துவட்டுட்டி, சளி பிடிச்சிரும்" என்றார். ஆண்கள் தங்களுக்குள் வீறாப்பாகப் பேசுவதுதானே என்று வீடு வரும்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, என்னோடு வருவதற்காக வாசுதேவநல்லூரிலிருந்து என் அம்மா வந்துவிட்டாள். பெட்டியை மூடும் நேரத்தில் மாமியார் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மேலு சுடுதே தாயி."

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நூறு. உண்மையிலேயே காய்ச்சல்தான். பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மருத்துவமனையில் என்றால், இட்லி சாப்பிட்டுவிட்டு விளையாடுகிற பிள்ளைக்கு மருந்தைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன். என் பிள்ளை என்றதும் கை தானாகப் பெட்டியைத் திறந்தது. இரண்டு சுடிதாரை எடுத்து வெளியே வைத்தும்விட்டேன்.

"ஒன் இஷ்டம். போவாதன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் கணவர், வாசலில் நின்றபடி. நிமிர்ந்து பார்த்தேன். மகள் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையவும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"காச்சப் பிள்ளையவா? நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார் மாமியார்.

எடுத்து வைத்த சுடிதார்களைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அம்மா மகளை வாங்கிக்கொண்டாள். நான் மருந்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். வழி நெடுக பஸ்ஸில் மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கல்லூரியில் சேர்ந்த அன்று காய்ச்சல் இறங்கியது. அதற்காக நான் செய்தது சரி என்று ஆகிவிடாது. அதிகமாகியிருந்தால்?

இப்போது இரண்டாம் வருடம். மகள் வாசுதேவநல்லூரில் என் அம்மாவிடம் வளர்கிறாள். கணவர் எப்போதாவது விடுதிக்கு வருவார். "நாந்தான் படிக்க வச்சேன்" என்று வார்டனிடம் சொல்வார். எனக்குக் கேட்டது என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் என்னைத் தப்பாக எடைபோடவில்லை என்பதுதான் மனதில் ஆறவில்லை. அந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் போகாமல் நின்றிருப்பேன். அழுதிருப்பேன். அவர் தலையைத் தடவித் தேற்றியிருப்பார். நானும் அவர் தோளில் சாய்ந்திருப்பேன்.