பால் வாளியோடு சாக்கடைத் தண்ணீர் எடுக்கப் போனோம்

சென்ற சனிக்கிழமை நாங்கள் சுற்றிப் பார்க்கப் போனது சாக்கடை. மகள் ஜெசிந்தாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கடைசி வருடம். பட்டறைகளின் கழிவுநீரில் ஈயமும் துத்தநாகமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். தண்ணீரை மதியம் ஒரு மணிக்குள் சுங்கைப் பட்டாணி பரிசோதனைக்கூடத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த படிப்புத் தவணைதான். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் டிரைவர்.

புக்கிட் செலம்பாவிலிருந்து காலை 8.10க்குக் கிளம்பி, 8.35க்குச் சுங்கைப் பட்டாணி பட்டறை வரிசைக்குப் பின்னால் நின்றோம். அவள் காரில் லேபல் எழுதிக்கொண்டிருந்தாள். சாக்கடையோ ஆழம், கரையெல்லாம் எண்ணெய் வழுக்கல். பிள்ளை எதற்குக் குனிய வேண்டும் என்று, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்து வாளியைக் கயிற்றில் இறக்கி நானே பாட்டிலை நிரப்பிவிட்டேன்.

"அண்ணே, லோங்காங்ல மீனா பிடிக்கிறீங்க?" என்றார் சாக்கடையை எட்டிப் பார்த்த ஒரு பட்டறைக்காரர்.

"ஆமாலா தம்பி, உங்களுக்கும் ரெண்டு தரேன்."

ஒப்பிட ஆற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில் வேண்டுமாம்; அங்கிருந்து 27 கிலோமீட்டர், ஆறு கடலில் சேரும் தஞ்சோங் டாவாய். 9.45க்குப் படகுத்துறையில் மறுபடி வாளியை எடுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ப்பா, அங்கயும் இதுலயா எடுத்தீங்க?"

"நல்லா கழுவித்தாம்மா கொண்டாந்தேன். இரும்பு நார் போட்டுத் தேச்சேன்."

"ஐயோ ப்பா! இது ஸிங்க், அதான் துத்தநாகம், பூசின வாளி. நான் தண்ணில தேடுறதே ஸிங்க்தான்."

வாளியை என் கையிலிருந்து வாங்கிக் காரில் வைத்தாள்.

துறையருகே கடையில் நாலரை வெள்ளிக்கு இரண்டு பிளாஸ்டிக் குவளை வாங்கினோம். ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆற்றுத் தண்ணீரை எடுத்தாள். சாப்பிட வாங்கிய ஏழு வெள்ளி மீ கோரெங் நூடுல்ஸைத் தொடாமல் பொட்டலம் கட்டிக்கொண்டு 10.20க்குத் திரும்பினோம்.

11.15க்கு அதே சாக்கடை.

"என்னண்ணே, மீன் பத்தலியா?"

"வாத்தியார் வந்துட்டாங்க தம்பி. நான் பிடிச்சது செல்லாதாம்."

ஜெசிந்தா இன்னொரு குவளையை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, கரையோரம் குனிந்து எடுத்தாள். நான் பின்னால் நின்று அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

"ப்பா, கழுத்து இறுக்குது."

"இறுக்கட்டும்."

12.05க்குப் பரிசோதனைக்கூடத்தில் பாட்டில்களை வாங்கிக்கொண்டார்கள். நான் நிரப்பிய பாட்டிலையும் அவள் தனியாகக் கொடுத்தாள், "அப்பா எடுத்தது" என்று லேபல் ஒட்டி. ஒப்பிட்டுப் பார்க்க உதவுமாம்.

பெட்ரோல் இருபது வெள்ளி. கையுறை, ரப்பர் காலணி கட்டாயம். இப்படித் தண்ணீர் எடுக்கப் பிள்ளையோடு போகிற அப்பாமார்களே, எதைத் தொடுவதற்கு முன்னும் பிள்ளையைக் கேளுங்கள். குனிய வேண்டியது அவர்கள்தான்; நமக்குச் சட்டையைப் பிடிக்கிற வேலை இருக்கிறது.