மூன்றாவது மாடி அம்பு

டெய்லரக்காவுக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது, இடுப்பு ஞாபகம் இருக்கும். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் ஒரு கணம் திருதிருவென்று விழிப்பார். பிறகு தோளையும் கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடடே, நீங்களா! இடது கை கொஞ்சம் நீளமாச்சே" என்று மலர்ந்து சிரிப்பார். விசாரித்தவர் வீடு போய்ச் சேரும்வரை தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

கடையில் வாங்கிய உடுப்புகளைக் குறைப்பது, கூட்டுவது, ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் அக்காவின் தொழில். பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை வைத்திருந்தார். கட்டடத்தை இடிக்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அலைந்து திரிந்து, பின்சந்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை பிடித்தார். கீழே சைக்கிள் கடை, முதல் மாடியில் பூட்டிய கதவு, இரண்டாவது மாடியில் பல் டாக்டர், அதற்கு மேலே அக்கா, அக்காவுக்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. லிஃப்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய வாடிக்கையாளர்கள் போனில் கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தது. கடைக்காக இணையத்தில் கொழுந்தன் ஏதோ ஒரு கம்பெனி மூலம் உருவாக்கிக் கொடுத்த பக்கம் அது. கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் கடையைக் கட்டிவிட்டது. பக்கமே இல்லையென்றால் கடை மட்டும் எங்கே இருக்கப்போகிறது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அக்கா கடையில் சீருடை மலைபோல் கிடக்கும், கால் வைக்க இடம் இருக்காது. இந்த முறை மிஷின்மேல் தூசி படிந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் மிஷினை விற்றுவிட்டு யார் கடையிலாவது பட்டன் துளைக்குக் காஜா எடுக்கப் போகவேண்டியதுதான். அந்தப் பயத்தில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பெயர் 'அப்டேட்'. கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் குக்கர் மக்கர் செய்தாலும் "அப்டேட் பண்ணுங்க, சரியாயிடும்" என்பான்.

"கவலைய விடுங்க அண்ணி. வேற ஒரு கம்பெனி இருக்கு, சூப்பரா இருக்கும்" என்றான்.

"அதுவும் மூடிட்டுப் போயிட்டா?"

"மூடவே மாட்டாங்க."

"போன கம்பெனிக்கும் இதேதான் தம்பி சொன்னே. எனக்கு எந்தக் கம்பெனியும் வேண்டாம். என் பக்கம் என் கையில இருக்கணும். அப்புறம், கம்ப்யூட்டருக்குப் பூச்சி பூச்சியா எழுதுவியே, அதெல்லாம் எனக்கு வராது. படத்தை இங்க வை, எழுத்தை அங்க வைன்னு கண்ணால பாத்துக் கையால நகர்த்தணும்."

அப்டேட் மோவாயைச் சொறிந்தான். "அப்போ பக்கம் செய்யறதுக்கு ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்தான் தேடணும். எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு ஒளிச்சு வைக்க மாட்டாங்க. யார் வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம். செஞ்சவங்க கை கழுவிட்டுப் போனாலும் உங்ககிட்ட இருக்குறது உங்ககிட்டயே இருக்கும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு? இதுதான் சொந்தச் சட்டை. நீ அன்னிக்கு மாட்டிவிட்டது வாடகைக் கோட்டு."

தேடல் ஆரம்பமானது. முதலில் கிடைத்ததைத் திறந்தால் கறுப்புத் திரை வந்து கட்டளை எழுதச் சொன்னது. கண்ணால் பார்த்துச் செய்யலாம் என்று விளம்பரம், பார்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. அடுத்தது செய்யும்போது ஒரு கோலம், சேமித்துத் திறந்தால் வேறு கோலம். "கடைக் கண்ணாடியில அழகா இருந்துட்டு வீட்டுக் கண்ணாடியில பல்லிளிக்கிற ஜாதி" என்று அக்கா அதை மூடச் சொன்னார். இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செய்தவர்கள் அதைத் தொட்டு வருடக்கணக்காகிவிட்டதால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் உறைந்துபோய் நின்றது. அப்டேட் செய்யவும் ஏதும் இல்லையே என்று கொழுந்தனுக்கு அழுகை வராத குறை.

எந்த உடுப்பையும் உள்புறம் திருப்பித் தையலைப் பார்க்காமல் அக்கா நல்லது கெட்டது சொல்லமாட்டார். எடிட்டர் செய்து தரும் பக்கத்தையும் அப்படியே திருப்பிக் காட்டச் சொன்னார். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஆனாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். கடைசியாக வந்த எடிட்டரில் மட்டும் வரிகள் படிப்படியாக ஒதுங்கி ஒழுங்காக நின்றன. "இது நீட்டா இருக்கு. இதையே வெச்சுக்கலாம்" என்றார். அப்டேட்டும் தலையாட்டினான். அவனிடமும் அதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

பிறகு அக்கா செய்த காரியத்தை வேறு யாரும் செய்திருக்க முடியாது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் திரையை அளந்தார். கட்டடத்தின் படம் நடுவில். அதன்மேல், மூன்றாவது மாடிக் கதவைத் தொடுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்பு. பக்கத்தில் அக்கா குறைத்துத் தைத்த கோட்டு ஒன்றின் படம். கீழே போன் நம்பர், அதோடு ஒரு வரி: 'படி ஏற முடியாதவர்கள் கீழே நின்று கூப்பிடுங்கள், நான் இறங்கி வருகிறேன்.' படமும் எழுத்தும் அடங்கிய பெட்டிகள் வைத்த இடத்தில் நிற்காமல் தாமாகவே நகர்ந்து நகர்ந்து அடுக்கிக்கொண்டன. வழுக்குகிற துணியைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. வைத்த இடத்திலேயே நிற்க வைக்கும் வசதி ஒன்றைத் தேடிப் பிடித்து, குண்டூசி குத்துவதுபோல் ஒவ்வொன்றையும் குத்திவைத்தார். ஏதோ எச்சரிக்கை வந்தது. "சும்மா பயமுறுத்துது" என்று அதை மூடினார். பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் "நல்லாருக்கு" என்றார். எதைக் காட்டினாலும் நல்லாருக்கு என்பவர்தான் அவர்.

பக்கம் ஊருக்குத் தெரிய வந்த பிறகும் மிஷின்மேல் தூசிதான். மூன்றாவது நாள் பல் டாக்டர் மூச்சிரைக்க மேலே வந்தார். கையில் ஒரு பை நிறைய பேன்ட்.

"அம்மா, பல்லுக்கு வர்றவங்களைவிட பேன்ட்டுக்கு வர்றவங்கதான் என்கிட்ட அதிகமா இருக்காங்க. ஒருத்தர் நாற்காலியில சாஞ்சு வாயைத் தொறந்துட்டாரு. அப்புறம்தான் ஜிப் மாத்தணும்னு சொல்றாரு!"

"என் பக்கத்துல அம்பு போட்டிருக்கேனே டாக்டர்?"

"அந்த அம்புதாம்மா என் கதவைக் காட்டுது."

தன் போனை நீட்டினார். படம் சுருங்கியிருந்தது, அம்பு சுருங்காமல் ஒரு மாடி கீழே இறங்கி நின்றது. கோட்டுப் படம் போன் நம்பர்மேலும் அந்தக் கடைசி வரிமேலும் சப்பென்று உட்கார்ந்திருந்தது. அக்கா தன் கணவரின் போனில் பார்த்தார். அம்பு சைக்கிள் கடையைக் காட்டியது. அப்டேட்டின் பெரிய திரையில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. நேற்று ஓர் ஆள் கையில் ஒரு கோட்டோடு மொட்டை மாடியில் ஏன் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"நான் அளந்துதான் வெச்சேன்" என்றார் அக்கா.

"எதை அளந்தீங்க அண்ணி?"

"என் திரையை."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓர் உடம்பை அளந்து ஊருக்கெல்லாம் உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறார்! வேறு எந்த டெய்லராவது இப்படிச் செய்திருந்தால் அக்கா கிழிகிழியென்று கிழித்திருப்பார். அவமானம் பிடுங்கித் தின்றது. அதையும்விட, வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ என்ற நினைப்புத்தான் உறுத்தியது.

மறுநாள் குத்திய ஊசிகளையெல்லாம் பிடுங்கினார். பெட்டிகள் இஷ்டப்படி நகர்ந்து, சின்னத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் பெரிய திரையில் பக்கம் பக்கமாகவும் உட்கார்ந்தன. எடிட்டர் நல்ல எடிட்டர்தான், விட்டால் வேலை செய்யும். அம்பை மட்டும் அக்கா நம்பவில்லை. சிவப்புத் துணியில் ஆள் உயரத்துக்கு ஓர் அம்பு தைத்து, தன் கதவுக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டு, கட்டடத்தைப் புதிதாகப் படம் எடுத்துப் போட்டார். படம் எப்படிச் சுருங்கினாலும் அம்பு இனி எங்கே ஓடும்?

கூட்டம் வந்தது. அக்கா ஒவ்வொருவரிடமும் ஆசையாகக் கேட்டார்: "பக்கத்தைப் பாத்துட்டா வந்தீங்க?"

"இல்லக்கா. தெருமுனையிலிருந்தே அம்பு தெரியுதே."

அப்டேட்டின் முகம் தொங்கிப்போனது. "அப்போ இத்தனை எடிட்டரைத் தேடி அலைஞ்சது?"

அக்கா ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த பேன்ட்டை உள்புறம் திருப்பினார்.

அப்போது போன் அடித்தது.

"டெய்லரம்மாவா? நான் கீழதான் நிக்கிறேன். கூப்பிட்டா வருவீங்கன்னு போட்டிருந்ததே... நிஜமாவே வருவீங்களா?"

அக்கா ஊசிகளைத் துப்பிவிட்டுத் தடதடவென்று இறங்கினார். சைக்கிள் கடை பெஞ்சில் ஒரு வயதான அம்மாள், முட்டியில் கட்டு, மடியில் ஒரு பை. அக்கா முதலில் விழித்தார். பிறகு தோளைப் பார்த்தார். வலது தோள் ஒரு விரல் இறக்கம். பெரிய தெருக் கடை திறந்த முதல் வாரத்திலிருந்து வருகிறவர்!

"போன வாரமும் வந்தேம்மா. படியைப் பாத்துட்டு இங்கயே கொஞ்ச நேரம் நின்னேன். உங்களோட அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன். அன்னிக்கு இந்த வரி என் போன்ல தெரியல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க டேப்பை உருவி, அங்கேயே, டயர்களுக்கு நடுவில், அந்த அம்மாளை எழுப்பி நிறுத்தி அளந்தார்.

"இடுப்பு ரெண்டு விரல் ஏறியிருக்கு" என்றார்.

"ஐயோ, அப்போ பழசெல்லாம் போச்சா?"

"ஒண்ணும் போகல. உள்ள துணி விட்டுத்தான் தெச்சிருக்கேன். எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, கீழயே நின்னு கூப்பிடுங்க."