சாட்சி அழவில்லை

நான் அடித்துக் கொடுத்த தீர்ப்புத் தாளில் 'கண்ணீர் மல்க' என்ற இரண்டு சொற்களின் மேல் ஒரு சிவப்புக் கோடு. இருபது வருடம் தாண்டியும் அந்தக் கோடு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கோட்டை இழுத்தவர் எங்கள் கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்த முதல் பெண் நீதிபதி. நான் அங்கே சுருக்கெழுத்தர். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். கூடவே வழக்குகளும் வந்தன.

அவருக்கு முன்பிருந்த ஐயா தங்கமான மனிதர். பாதித் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, "மீதிய வழக்கம்போல போட்டுக்கப்பா" என்று எழுந்துவிடுவார். அந்த வழக்கத்தில் நான் கைதேர்ந்தவன். பெண் சாட்சி என்றால் 'கண்ணீர் மல்கச் சாட்சியம் அளித்தார்'. ஆண் சாட்சி என்றால் 'தெளிவாகச் சாட்சியம் அளித்தார்'. உண்மையில் யார் அழுதார்கள், யார் உளறினார்கள் என்றெல்லாம் நான் பார்த்ததில்லை. ஐயாவும் படித்து ரசித்துக் கையெழுத்துப் போடுவார். என் இலக்கிய தாகம் அப்படித் தீர்ந்துகொண்டிருந்தது.

புது நீதிபதி அம்மா பொறுப்பேற்ற அன்றே பெஞ்ச் கிளார்க் ஆரூடம் சொல்லிவிட்டார்: "பொம்பள ஜட்ஜு எழுதுனா ஈரமா இருக்கும்பா, பாத்துகினே இரு." ஆனால் அம்மா சொன்ன வாக்கியங்கள் வெயிலில் காய்ந்த துணி மாதிரி மொறமொறவென்று இருந்தன. ஐயாவுக்கு இருந்த இரக்கம்கூட இந்த அம்மாவுக்கு இல்லையே என்று டீக்கடையில் அங்கலாய்த்தோம்.

அப்போதுதான் அந்த வழக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மண்ணூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். அசெம்பிளி லைனில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்ததாகத் தன் சூப்பர்வைசர் மேல் புகார் கொடுத்திருந்தாள். கூண்டில் ஏறி, எந்த நேரம், எந்த இடம், பக்கத்தில் யார் யார் என்று, அடுத்த ஷிப்டுக்கு வேலையை ஒப்படைப்பதுபோல் சொல்லிவிட்டு இறங்கினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். "மானம் போச்சுங்கிற பொண்ணு கண்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேம்மா. இது ஜோடிச்ச கேஸு." வழக்கு தோற்றால் வேலையோடு அவள் பெயரும் போய்விடும். எனக்குப் பாவமாக இருந்தது. அம்மா சொல்லாத அந்த இரண்டு சொற்களை, பழக்கதோஷமும் பரிதாபமுமாகச் சேர்த்து அடித்துவிட்டேன்.

"எப்ப அழுதாங்க?" என்று கேட்டார் அம்மா.

"அந்தப் பொண்ணுக்கு நல்லதுன்னுதாம்மா..."

"சாட்சியத்துல இல்லாதது தீர்ப்புல இருந்தா, அப்பீல்ல இந்த ஒண்ண வெச்சே கேஸைக் கவுத்துடுவாங்க. அழலைன்னா பொய்னு வக்கீல் சொல்றார். அழுதாத்தான் உண்மைன்னு நீங்க அடிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" குரலில் கோபம் இல்லை, சிரிப்புதான் இருந்தது. "ஆம்பள சாட்சிய எத்தன தடவ அழ வெச்சிருக்கீங்க?"

ஒரு தடவைகூட இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐயாவின் இரக்கம் என்று நாங்கள் கொண்டாடியதெல்லாம் என் டைப்ரைட்டரின் கைங்கரியம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அம்மா அந்தப் பத்தியைப் புதிதாகச் சொன்னார்: 'சாட்சி அழவில்லை. அழுதுதான் உண்மையை நிரூபிக்க வேண்டும் என்ற கடமை எந்தச் சாட்சிக்கும் இல்லை.' சூப்பர்வைசருக்குத் தண்டனை கிடைத்தது.

சில நாள் கழித்து அந்தப் பெண் தீர்ப்பின் நகல் வாங்க வந்தாள். வராந்தாவில் நின்றபடியே படித்தாள். அந்த வரி வந்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பொம்பள ஜட்ஜா இருக்கப் போய்த்தான் இப்படி எழுதிருக்காவ, இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

பெண்கள் எழுதும் தீர்ப்பு வேறு மாதிரி இருக்குமா என்று, ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் சிலர் கேட்கிறார்கள். அன்று அவளிடம் சொன்னதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது.

"அது இன்னாவோ எனக்குத் தெரியாது தங்கச்சி. ஐயா எழுதியிருந்தா, நான் உன்ன அழ வெச்சிருப்பேன்."