பிழைத்து வந்த பிறகு

வயிற்றோடு ஒரு தலையணையை இறுக்கி அணைத்தபடி நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி நல்லம்பள்ளியில் பஸ்ஸைவிட்டு இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருமினாலும் பஸ் குலுங்கினாலும் தையல் வலிக்காமலிருக்க மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தது அது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை அறுத்து, கட்டியையும் குடலில் ஒரு பங்கையும் எடுத்திருந்தார்கள். பிறகு வெதுவெதுப்பாக்கிய மருந்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள்ளேயே விட்டு அலசினார்களாம். எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத வைத்தியம். அக்கா உயிரோடு வந்துவிட்டார் என்று வீடே கொண்டாடியது. நானும்தான்.

அந்தச் சந்தோஷம் எனக்கு நான்கு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. நாங்கள் இருவர் செய்த வேலையை நான் ஒருத்தியே செய்துகொண்டிருந்தேன். களி கிண்டுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கடலைக்கொல்லையில் களை எடுப்பது, எல்லாம். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கீரை ஆய ஆரம்பித்தால் பாதியிலேயே கை நின்றுவிடும். புண் ஆறிவிட்டதே, இன்னும் என்ன அசதி என்று உள்ளுக்குள் பொருமினேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பாத்திரத்தை நான் வைத்த சத்தத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

ஐந்தாம் மாதம் அவர் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினார். காலையில் ஒன்றுமில்லை, மதியம் இரண்டு வாய்க் கஞ்சி, பொழுது சாய்ந்த பிறகுதான் கொஞ்சம் சோறு. கன்னம் ஒட்டி, வளையல்கள் முழங்கை வரை ஏறின. நோய் திரும்பிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என் மூத்தார், அதாவது அவர் கணவர், மறுபடி மெட்ராஸ் போவதற்குத் துணிமணியை மூட்டை கட்டி வைத்தார்.

ஒருநாள் மதியம் நான் கொண்டுபோன கஞ்சியை அக்கா தள்ளி வைத்தார். அலுப்பில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“உங்களுக்காகத் தனியா பொங்கறேன். வேணாம் வேணாம்னா நான் என்னதாங்க்கா பண்றது?”

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“பசிக்குது பாப்பா. சாப்பிட்டா உடனே போவணும். அடக்க முடியல. பட்டப்பகல்ல எங்க போவேன்?”

எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. ஊரில் யார் வீட்டிலும் கிடையாது. பெண்கள் விடியுமுன்னோ இருட்டிய பின்னோ கொல்லைப் பக்கம் போய் வருவோம். குடலைக் குறைத்த பிறகு அக்காவின் வயிறு அந்த நேரத்துக்குக் கட்டுப்படவில்லை. ஒரு முற்பகல் ஓடிய ஓட்டத்தில் வரப்பிலேயே சேலை பாழாகியிருக்கிறது. கொல்லையில் களை எடுத்த ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அன்று முதல் பகலில் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் சொல்லக் கூச்சம், புருஷனிடம் சொல்லவும் கூச்சம்.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் நானே கேட்டேன். அதுவரை அவர் எதிரில் நின்றுகூடப் பேசியதில்லை. “வூட்டுப் பக்கத்துலயா அந்தக் கருமம்? மனுசங்க சோறு திங்க வேணாமா?” என்று சீறினார்.

“மெட்ராஸ் வரைக்கும் கூட்டிப் போயிப் பொழைக்க வெச்சீங்க. இப்ப அக்கா பட்டினி கெடந்து சாவறாங்க மாமா. சீக்கு திரும்பி வரலீங்க. கொல்லைக்குப் போவப் பயந்துக்கிட்டு சாப்பிடாம கெடக்கறாங்க.”

பக்கத்தில் நின்றிருந்த மூத்தார் முகம் செத்துப்போயிற்று. மறுநாள் காலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவரே கடப்பாரையோடு இறங்கினார். மூன்று நாளில் ஆழமான குழி, மேலே இரண்டு கல்பலகை, சுற்றிச் சோளத்தட்டைப் படல், உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி. மாமனார் ஒரு வாரம் அந்தத் திசையில் திரும்பவில்லை.

அக்கா மறுபடி சாப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை. கன்னம் தேறியது. மெட்ராஸ் பயணம் தேவைப்படவில்லை.

பலம் மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். நிறைகுடம் தூக்கியதில்லை, பந்தியில் முழு இலை சாப்பிட்டதில்லை. யாராவது “முழுசா குணமாயிடுச்சா?” என்று கேட்டால், “இருக்கேங்க” என்பார். இன்று என் வயதில், ஒன்றும் செய்யாமலே உடம்பு ஓய்ந்துபோகும் சில நாட்களில், அந்த ஒரு சொல்லில் அவர் எவ்வளவு அடக்கி வைத்திருந்தார் என்று தெரிகிறது.

குழி வெட்டிய அந்த வருஷம் கடலை பிடுங்கும்போது அக்காவும் கொல்லைக்கு வந்தார். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. பாதிச் சால் போனதும் செடியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டு வாங்கப்போகிற குழந்தையின் பார்வை அது. என் மனத்தில் ஓடியதெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நான் முந்தானையை உதறிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேல கெடக்குதே பாப்பா” என்றார்.

“கெடக்கட்டுங்க்கா” என்றேன்.