நான் வைத்த வெல்டு

மும்பை ஆண்டாப் ஹில்லில் எங்களுக்கு ஒரு கராஜ் உண்டு. கார் வேலை என் கணவருடையது, வெல்டிங் என்னுடையது. தாராவியில் அப்பா வைத்திருந்த கிரில் பட்டறையில் பழகினேன். ஜன்னல் கம்பி விட்டுப்போனால் யாரும் சாகப்போவதில்லை. அதனால் என் வேலையை நினைத்து நான் பயந்ததில்லை, அந்தப் பச்சைக் கார் வரும்வரை.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். முன்சக்கரங்களைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகள் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்திருந்தன. உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பரைப் புதுசாக மாற்ற வேண்டும், காரின் மூக்கும் தாழ வேண்டும் என்றார். அதற்கு, ஸ்ட்ரட் குழாயில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை அறுத்துக் கீழே இறக்கிப் பற்றவைக்க வேண்டும். முன்பாரம் முழுக்க அந்தத் தட்டில்தான் உட்காரும்.

பழைய எண்ணெயை வடித்துத் துடைத்துப் பற்றவைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து மறுபடி மறுபடி பார்த்தேன். வடாலாப் பக்கம் குண்டும் குழியுமான ரோட்டில் கணவர் ஓட்டிப் பார்த்தார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு குழியிலும் காலை ஊன்றிக்கொண்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டபடியே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

காரை எடுக்க வந்தவர் தன் சின்ன மகளையும் கூட்டி வந்திருந்தார். அப்படியே லோனாவாலா மலைக்குப் போவதாகச் சொன்னார். அவள் பக்கத்துச் சீட்டில் ஏறி பெல்ட்டைத் தேடினாள். கணவரைப் பின்பக்கம் கூப்பிட்டேன்.

"வண்டிய இன்னிக்கு குடுக்க வேண்டாம்."

"ஏளா, அத்தன குழில ஏத்தி இறக்கியாச்சு. இன்னும் என்ன?"

"பிள்ளையக் கூட்டிட்டுப் போறாவ. எனக்குப் பயமா இருக்கு. ஒரு தடவ கழட்டிப் பாத்துருவோம்."

அவருக்குக் கோபம். ஆனாலும் ஏதோ சாக்குச் சொல்லி, காரைக் கொடுக்காமல் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கே ஸ்ட்ரட்டுகளைக் கழற்றினார். ஸ்பிரிங்கை கிளாம்ப் போட்டு அமுக்கும்போது முகத்தை நீட்டாதீர்கள் என்றேன், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைக் குழாயில் அடித்து, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தேன். வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கத்தில், வெல்டை ஒட்டிய குழாயில், தலைமயிர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. பழைய இரும்பு சூடு தாங்காமல் விரிசல் விட்டிருக்கிறது.

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெல்ட்டைத் தேடிய அந்தச் சின்னக் கைகள்தான் கண்ணுக்குள் நின்றன.

மறுநாள் காரின் சொந்தக்காரரை வரச்சொல்லி, கோட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். அவர் முகம் வெளுத்துப்போனது. அறுக்காத குழாய் ஒரு ஜோடி தேடிப் பிடித்து, கம்பெனி வைத்த தட்டிலேயே கொஞ்சம் குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தோம். மூக்கு அவர் கேட்ட அளவுக்குத் தாழவில்லை. பரவாயில்லை என்றார்.

அவர்கள் லோனாவாலா போன அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. போய்ச் சேர்ந்ததாக போன் வந்ததும் கணவர் உள்ளே வந்து சொன்னார். "இனிமே அறுத்து ஒட்டுற சோலி நமக்கு வேண்டாம்ளா" என்றும் சொன்னார். இன்றைக்கும் யாராவது காரைத் தாழ்த்தித் தரக் கேட்டால் நான் வாயைத் திறக்குமுன் அவரே முடியாது என்றுவிடுகிறார்.