மெல்போர்னில் எனக்காக நின்ற கார்

மெல்போர்ன் வந்து இன்றுதான் வெளியே இறங்கினேன். இத்தனை வண்டி ஓடியும் ஊரில் சத்தமே இல்லை.

சாலையைக் கடக்க நின்றபோது, வந்த கார் நின்றுவிட்டது. நீ போ என்று கை காட்டினேன். ஓட்டி வந்தவரும் என்னையே போகச் சொல்லிக் கை காட்டினார்.

"உங்களுக்காகத்தான் நிக்கிறாரு அத்தை, வாங்க" என்றாள் மருமகள்.

"கார் வெச்சிக்கினு இருக்கிறவன் எனக்கு இன்னாத்துக்கு நிக்கணும்? நடுவுல போனா ஏத்திடுவான். அவன் மொதல்ல போவட்டும்."

அவர் போகவே இல்லை. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் கடந்தேன்.

மகனுக்குக் காது குத்திய அன்று, சங்கராபுரத்தில் என் கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில் சேற்றை அடித்துவிட்டு நிற்காமல் போனார் ஒரு பஸ் டிரைவர். ஓடுகிற வண்டியை எனக்காக எப்படி நிறுத்துவார் என்று அவரைப் பாதி மன்னித்து வைத்திருந்தேன்.

நிறுத்தலாம் என்று இன்று தெரிந்துவிட்டது. அந்தப் பாதியையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவரைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.